10க்கு 10 ரூமில் விஆர் ஹாரர்: இருட்டு சாம்பலாத் தெரியுது, தலை சுத்துது, லைட்டை அணைச்சா டிராக்கிங் போகுது

புதூர்_மேல்மாடி

வணக்கம் மக்களே. மதுரை கோ.புதூர்ல முதல் மாடி வாடகை வீடு. ரூம் 10க்கு 10. கட்டிலும் பீரோவும் போக நடுவுல 6க்கு 7 அடி காலி. விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் மெட்டாவோட குவெஸ்ட் 2, செகண்ட் ஹேண்ட். கம்ப்யூட்டர்ல ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். கம்ப்யூட்டர் கேமை வைஃபைல ஹெட்செட்டுக்கு அனுப்புற விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆப் வழியாத்தான் ஓட்டுறேன். ரவுட்டர் ஹால்ல இருக்கு, நெட் கனெக்‌ஷனோட கொடுத்தது. கம்ப்யூட்டரும் வைஃபைதான்.

ஜாம்பியைச் சுடுற கேம் வேணாம். கையில ஆயுதம் இல்லாம, மெதுவா மனசுக்குள்ள இறங்குற சைக்கலாஜிக்கல் ஹாரர்தான் வேணும். ஆனா இப்போதைக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் வருது. இருட்டு அறை கறுப்பா இல்ல, சாம்பல் பூசின மாதிரி இருக்கு. மூலையில எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது. மூடு வரட்டும்னு ரூம் லைட்டை அணைச்சா, டிராக்கிங் (நான் எங்க நிக்கிறேன்னு ஹெட்செட் கண்டுபிடிக்கிறது) இல்லைன்னு மெசேஜ் வந்து எல்லாம் நின்னுடுது. லைட் எரியும்போதும் சில நேரம் கை தானா ஒரு பக்கமாப் போகுது. பத்து நிமிஷத்துல தலை சுத்தி வாய் ஊறுது. இது பயமா, விஆர் மயக்கமான்னே தெரியல.

ஹெட்செட்டை மாத்தித்தான் ஆகணுமா? எந்த கேம்ல ஆரம்பிக்கலாம்?

வெங்கலக்கடை_வயர்

மாத்த வேணாம். நீங்க சொன்னதுல முக்கால்வாசி, ரூம் வெளிச்சமும் ரவுட்டரும் பண்ற வேலை. ஹாரர் கேம் நம்பி நிக்கிறது இருட்டை. இந்த ஹெட்செட்டுகளுக்குக் கை வராத ஒரே விஷயமும் அந்த இருட்டுதான். அதனால மத்த கேம்ல கண்ணுக்குப் படாத குறையெல்லாம் இதுல பல்லைக் காட்டும்.

சாம்பல் நிறத்துக்கு மூணு காரணம் இருக்கு. முதலாவது பேனல். குவெஸ்ட் 2ல இருக்கிறது எல்சிடி. பின்னால பேக்லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், முழுக் கறுப்பு அதுல வராது. பிஎஸ் விஆர்2 மாதிரி ஓஎல்இடி ஹெட்செட்ல புள்ளி புள்ளியா அணையும், கறுப்பு கறுப்பாவே இருக்கும். இதுல நாம செய்யக்கூடியது ஒண்ணுதான்: ஹெட்செட் பிரைட்னஸைப் பாதிக்குக் கீழ இறக்குங்க. சாம்பலும் கூடவே இறங்கும். ரெண்டு மூணு நிமிஷத்துல கண் பழகிடும். அப்புறம் கேமுக்குள்ள கேக்குற காமா அளவு. "படம் தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கணும்"னு ஒரு ஸ்கிரீன் வரும்ல, அதை ஹெட்செட் மாட்டிக்கிட்டுத்தான் சரி பண்ணணும். மானிட்டரைப் பாத்து வச்சா ரெண்டு படி கூடிடும்.

ரெண்டாவது மூக்குப் பக்கம் ஒழுகுற வெளிச்சம். கேம் லோடாகும்போது முழுக் கறுப்பு ஸ்கிரீன் வரும். அப்ப மூக்குக்குக் கீழ இருக்கிற இடைவெளியைக் கையால பொத்திப் பாருங்க. சாம்பல் சட்டுன்னு குறைஞ்சா ஒழுக்கு அங்கதான். சிலிகான் மூக்கு மறைப்பு தனியா விக்கிறாங்க. இல்லைன்னா ஃபோம் ஓரத்துல கறுப்பு ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினாலும் போதும். லென்ஸ்ல படாம ஒட்டுங்க.

மூணாவது, கட்டம் கட்டமாத் தெரியுறது. இது ஸ்ட்ரீமிங்கால வருது. வீடியோவைச் சுருக்குற கோடெக், கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைச்சு இருட்டான இடத்துல தகவலை அள்ளி வீசிடும். வெளிச்சத்துல ஓடுற கேம்ல அது சரி. டார்ச் வெளிச்சம் சுவத்துல மங்கி மங்கி முடியுற இடத்துல அப்படியே பட்டை பட்டையா நிக்கும். விர்ச்சுவல் டெஸ்க்டாப் செட்டிங்ல கோடெக்கை எச்இவிசி 10 பிட்டுக்கு மாத்துங்க. 8 பிட்ல ஒரு நிறத்துக்கு 256 படி, 10 பிட்ல 1024 படி. இருட்டுல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். 3060, குவெஸ்ட் 2 ரெண்டுமே அதைத் தாங்கும். ஏவி1ங்கிற இன்னொரு கோடெக் பக்கம் போகாதீங்க. 3060ல ஏவி1 என்கோடர் கிடையாது, குவெஸ்ட் 2ல டிகோடரும் கிடையாது. பிட்ரேட் 100 எம்பிபிஎஸ்ல ஆரம்பிச்சு, திக்காம ஓடுற வரைக்கும் ஏத்துங்க.

ஆனா உங்க ரவுட்டர் இருக்கிற நிலைமைல 100 தாங்காது. கம்ப்யூட்டரும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபைன்னா ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவை போகணும். ஹால்லேந்து கேட் 6 கேபிள் ஒண்ணு இழுத்து கம்ப்யூட்டரை நேரா ரவுட்டர்ல சொருகுங்க. முடிஞ்சா விளையாடுற ரூமுக்குன்னே தனியா ஒரு வைஃபை 6 ரவுட்டர் வாங்கி, ஆக்சஸ் பாயின்ட் மோடுல (வைஃபை மட்டும் கொடுக்கிற மோடு) போட்டு, 5 ஜிகாஹெர்ட்ஸ்ல ஹெட்செட்டை மட்டும் இணைங்க. அகலம் 80 மெகாஹெர்ட்ஸ், சேனல் 36 அல்லது 149. பழைய செங்கல் சுவர் ஒண்ணு குறுக்க நின்னாலே 5 ஜிகாஹெர்ட்ஸ் தளர்ந்துடும்.

எங்க திக்குதுன்னு ஊகிக்க வேணாம். விர்ச்சுவல் டெஸ்க்டாப்ல பர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயைப் போடுங்க. கேம், என்கோடிங், நெட்வொர்க், டிகோடிங்னு தனித்தனியா மில்லிசெகண்ட் காட்டும். நெட்வொர்க் 10க்குள்ள இருந்தா ரவுட்டர் மேல பழி இல்ல. அது 20, 30ன்னு துள்ளினா ரவுட்டர். கேம் எண் துள்ளினா கிராஃபிக்ஸ் கார்டு.

இப்ப டிராக்கிங். ஹெட்செட்டுக்கு வெளியில இருக்கிற நாலு கேமராவும் ரூமைப் பாத்துத்தான் நீங்க எங்க நிக்கிறீங்கன்னு கணக்குப் போடும். இருட்டுல அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஜீரோ வாட்ஸ் பல்பும் பத்தாது. வழி என்னன்னா, சிசிடிவி கடையில கிடைக்கிற 850 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் லைட். நம்ம கண்ணுக்கு ரூம் இருட்டு, கேமராவுக்குப் பட்டப்பகல். மூக்குப் பக்க ஒழுக்கும் அத்தோட போச்சு. லைட்டை 6, 7 அடி உயரத்துல வச்சு எதிர்ச் சுவரையோ சீலிங்கையோ பாக்கத் திருப்புங்க. நேரா ஹெட்செட்டைப் பாத்தா கேமரா கூசி, இருக்கிற டிராக்கிங்கும் போயிடும்.

இன்னொண்ணு, டிராக்கிங் செட்டிங்ல ஃப்ரீக்வென்சி ஆட்டோவுல இருந்தா 50 ஹெர்ட்ஸ்னு மாத்துங்க. நம்ம கரண்ட் 50. 60ல நின்னா டியூப் லைட் துடிப்பு கேமராவைக் குழப்பும்.

திருநகர்_சந்துமுனை

அண்ணே சொன்ன டெக்னிக்கல் சமாச்சாரம் கரெக்ட். ரூம் விசயத்துக்கு நான் வர்றேன் தம்பி.

கை தானா அங்கிட்டு இங்கிட்டு போகுதுன்னீகள்ல, உங்க பீரோவுல ஆளுயரக் கண்ணாடி இருக்கான்னு பாருங்க. இருக்கும். கேமரா அந்தக் கண்ணாடிக்குள்ள இன்னொரு ரூம் இருக்குண்டு நம்பிரும். கன்ட்ரோலர்ல இருக்கிற இன்ஃப்ராரெட் புள்ளிக அதுல ரெட்டையாத் தெரியும். ஒரு பழைய வேட்டியை எடுத்து மூடி, மேல நாலு புத்தகத்தை வச்சு நிப்பாட்டுங்க. டிவி ஸ்கிரீனும் அதே கததான். சாமி படத்தைச் சுத்தி மினுக்குற சீரியல் லைட்டு இருந்தா விளையாடுற நேரம் பிளக்கைப் புடுங்கிருங்க. அந்தக் குட்டிக் குட்டி வெளிச்சத்தையும் கன்ட்ரோலருண்டு நினைச்சுக்கும்.

அடுத்து முக்கியமானது. மத்த கேம்ல ஆளுக முன்னாடி பாயுவாய்ங்க; ஹாரர்ல பின்னாடிதான் குதிப்பாய்ங்க. ஆனா பூராப் பேரும் ரூமுக்கு நட்ட நடுவுல நிண்டுதான் ஆரம்பிக்கிறது. 6க்கு 7 இடத்துல 7 அடிப் பக்கத்தை நீளவாக்குல எடுத்துக்கங்க. முன்னாடி ரெண்டரை அடி, பின்னாடி நாலரை அடி விட்டு நில்லுங்க. உங்களுக்குப் பின்னாடி கட்டில் இருக்கணும், பீரோ இருக்கக்கூடாது. கட்டில்ல விழுந்தா மெத்தை, பீரோவுல விழுந்தா கைப்பிடி முதுகுல ஏறும். கட்டிலுக்கு அங்கிட்டு சுவரு ஒட்டி இருந்தா தலையணையை நிமித்தி சாத்தி வைங்க. விளையாடுற எல்லைக்கு ஹெட்செட்ல வரையுற கார்டியன் கோடு இருக்குல்ல, அதைச் சுவரோட ஒட்டி வரையாதீக, எல்லாப் பக்கமும் ஒரு சாண் உள்ள தள்ளி வரைங்க. பயந்து துள்ளுறவன் கோடு தெரிஞ்சு நிக்கிறதுக்கு அந்த ஒரு சாண்தான் நேரம் கொடுக்கும்.

காலுக்குக் கீழ ரப்பர் யோகா மேட் ஒண்ணு போட்டு, செருப்பு சாக்ஸ் இல்லாம வெறுங்காலோட நில்லுங்க. ஓரம் காலுல தட்டுனா விலகிட்டோம்னு கண்ணு தெரியாமயே தெரிஞ்சுக்கலாம். கோரைப்பாய் வேணாம், டைல்ஸ் தரையில வழுக்கி விட்டுரும்.

மேல பாக்க மறந்துராதீக. கன்ட்ரோலரைப் புடிச்சுக் கையை முழுசாத் தூக்குங்க. ஃபேன் இறக்கைக்கும் கைக்கும் நடுவுல ஒரு அடியாச்சும் இருக்கணும். காங்கிரீட் வீட்ல பெரும்பாலும் தப்பிச்சிரலாம். தகர செட்டு, தாழ்வாரம், பரண் இறங்கி இருக்கிற ரூம்ல முடியாது. பரண் விளிம்புலதான் நெறைய கன்ட்ரோலர் வளையம் உடையுது. மணிக்கட்டு வாரை மாட்டாம ஆரம்பிக்கவே கூடாது. பயத்துல விரலு தானா விரியும்.

வைஃபை ஒத்து வரலைண்டா யூஎஸ்பி 3 கேபிள் போடலாம். சாதாரண செம்புக் கேபிள் 3 மீட்டருக்கு மேல போனா தடுமாறும், 5 மீட்டர் வேணும்னா ஆக்டிவ் இல்லைண்டா ஃபைபர் கேபிளாப் பாத்து வாங்குங்க. தரையில விட்டா காலைச் சுத்தும், பேய் கேம்ல காலை எதுவும் சுத்தக்கூடாது பாருங்க. வீட்ல தொட்டில் கொக்கி இருந்தா அதுல சின்ன ஸ்பிரிங் கப்பி மாட்டி மேலேருந்து இறக்கிவிடுங்க. ஃபேன் பக்கத்துலேயே கொக்கி இருக்குண்டா அந்த யோசனையை விட்ருங்க.

கூட ஒரு ஆளு இருந்தா நல்லது. ஆனா விளையாடுறவனைத் தொடக்கூடாது. தோளைத் தொட்டா திரும்பி விழுகுறது அடிதான். முதல்ல ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அப்புறம் மேல் மாடியில ராத்திரி பதினோரு மணிக்கு அலறுனா ஹவுஸ் ஓனர் திருநீறோட மேல ஏறி வந்துருவாரு, அதுக்கு எங்கிட்டயும் மருந்து இல்ல.

உள்காது

தலைசுற்றல் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன "வாய் ஊறுகிறது" பயத்தின் அடையாளம் இல்லை, மயக்கத்தின் அடையாளம். பயந்தால் வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், கழற்றி வைத்த ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். விஆர் மயக்கத்தில் கொட்டாவி, எச்சில் ஊறுதல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்தல் எல்லாம் வரும். கழற்றிய பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் இழுக்கும். ஹாரர் விளையாடும்போது இரண்டும் சேர்ந்து வருவதால் ஆட்கள் மயக்கத்தைப் பயம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்கிறார்கள். அது கூடாது. மயக்கத்தோடு தொடர்ந்தால் உடம்பு பழகுவதற்குப் பதிலாக ஹெட்செட்டைக் கையில் எடுத்தாலே குமட்டக் கற்றுக்கொள்ளும்.

காரணம் எளிது. கன்ட்ரோலரில் உள்ள ஸ்டிக்கைத் தள்ளினால் கண், "நடக்கிறோம்" என்கிறது. உள்காது, "நின்ற இடத்தில்தான் நிற்கிறோம்" என்கிறது. ஆகவே முதலில் ஸ்டிக்கால் திரும்புவதை நிறுத்துங்கள். உடம்பைத் திருப்புங்கள், அதில் கண்ணும் காதும் ஒன்றையே சொல்லும், மயக்கம் வராது. ஸ்டிக்கால் திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்நாப் டர்ன் (படம் ஒரே வெட்டில் திரும்புவது), 45 டிகிரி. ஸ்மூத் டர்ன் (சீராகச் சுழன்று திரும்புவது) கடைசியாகப் பழக வேண்டியது. நடக்கும்போது ஓரங்களை இருட்டாக்கும் விக்னெட் இருந்தால் முழு அளவில் வையுங்கள். இருட்டு கேமில் அது உறுத்தாது என்பது ஹாரரில் நமக்குக் கிடைக்கும் ஒரு சௌகரியம். பக்கவாட்டில் நகர்வதும், பின்னால் நகர்வதும், படி ஏறுவதும் நேராக நடப்பதைவிட மோசம்.

அடுத்தது பிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது. 90 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட், 72 ஹெர்ட்ஸில் 13.9. உங்கள் கார்டு 90ஐ நிலையாகப் பிடிக்காவிட்டால் 72க்கு இறங்குங்கள். விட்டு விட்டு வரும் 90ஐவிட அசையாத 72 வயிற்றுக்கு நல்லது. ஹாரரில் ஒரு பொறி இருக்கிறது: மெனுவிலும் வெளிச்சமான அறையிலும் எல்லாம் சீராக ஓடும். டார்ச்சைப் போட்டதும் ஒவ்வொரு பொருளுக்கும் நகரும் நிழல் கணக்கிட வேண்டி வந்து, அந்த நொடியே சரியும். எனவே டார்ச் எரிய, சாமான் நிறைந்த அறையில், தலையை வேகமாகத் திருப்பிச் சோதித்த பிறகு நிழல் தரத்தைக் குறையுங்கள். மூடுபனி எஃபெக்ட் இருந்தால் அதையும். ரெசல்யூஷனைக் கடைசியில் தொடுங்கள்.

லென்ஸ் இடைவெளியையும் பாருங்கள். குவெஸ்ட் 2இல் மூன்றே நிலைதான்: 58, 63, 68 மில்லிமீட்டர். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 61க்குள் என்றால் முதல் நிலை, 61 முதல் 66 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. கண்ணாடிக் கடையில் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். கைமாறி வந்த ஹெட்செட்டில் முன்னவருடைய அளவே அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் பெட்டியில் வரும் ஸ்பேசரை ஃபோமுக்குக் கீழே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி லென்ஸில் உரசி இரண்டும் கீறல் விழும்.

நின்றுகொண்டு தொடங்குவதில் திருநகர்க்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழகும் வரை உட்கார்ந்தே ஆடுங்கள். சுற்றுகிற, ஆனால் உருளாத ஸ்டூல் போதும். சக்கர நாற்காலியில் பயந்து தள்ளினால் சுவர் வரை போகும். எதிரில் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது உடம்புக்கு ஒரு திசைகாட்டி, வியர்வையும் குறையும். பத்து நிமிடம், பிறகு கழற்றிவிட்டு முழுதாகத் தெளிந்த பின் இன்னொரு பத்து நிமிடம். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கும். பயண வாந்தி மாத்திரை தூக்கம் வரவழைக்கும், இதற்காகப் போட வேண்டாம். ராத்திரி பரோட்டா சால்னா முடித்த கையோடு ஹெட்செட்டை மாட்டாதீர்கள். தலை சுற்றல் முழுக்க நிற்கும் வரை பைக்கைத் தொடாதீர்கள்.

வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், நெஞ்சு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதற்குள் வர வேண்டாம்.

திருநகர்_சந்துமுனை

உக்காந்து ஆடுனா கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்குறது, அலமாரிக்குள்ள ஒளியுறது எல்லாம் போச்சே டாக்டரே. ஆனா தலை சுத்துற ஆளுக்கு நீங்க சொல்றதுதான் சரி, ஒத்துக்கிறேன். பழகுனதும் எந்திரிச்சு நில்லுங்க தம்பி.

ஷேடர்_சண்முகம்பிள்ளை

கேம் தேர்வுக்கு முன்னாடி, இந்த வகை விஆர்ல எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா செட்டிங் ஏன் இப்படின்னு புரியும்.

மானிட்டர்ல ஹாரர்னா டைரக்டர் காட்டுறதைப் பாக்குறோம். விஆர்ல கேமராவே நம்ம தலை. அதைப் பிடுங்கி ஒரு பக்கம் திருப்பினா அடுத்த நொடி குமட்டும். அதனால விவரம் தெரிஞ்சவங்க கேமராவைத் தொடவே மாட்டாங்க. அதுக்குப் பதிலா நீங்க எங்க பாக்கலைங்கிறதைக் கணக்கு வச்சுக்குவாங்க. தலை எந்தத் திசையில இருக்குன்னு கேமுக்கு ஒவ்வொரு பிரேமும் தெரியும். கதவைப் பாக்கும்போது கதவு அசையாது. முதுகைக் காட்டினதும் பூட்டிக்கும். திரும்பிப் பாத்தா முன்ன இருந்த நாற்காலி அரை அடி கிட்ட வந்திருக்கும், சத்தமே இருக்காது. லேயர்ஸ் ஆஃப் ஃபியர் முழுக்க இந்த ஒரே வித்தையில ஓடுற கேம். ஒரு அறையை விட்டு வெளிய வந்து திரும்ப உள்ள போனா அது வேற அறை. ஸ்டிக்கால டக்குனு 45 டிகிரி வெட்டித் திரும்பினா இதுல பாதி போயிடும். உடம்போட மெதுவாத் திரும்பினாத்தான் கண் ஓரத்துல அது நகர்ந்த சந்தேகம் வரும். மேல சொன்ன "உடம்பைத் திருப்பு" வைத்தியம் பயத்துக்கும் சேத்துத்தான்.

இன்னொரு பாதி சத்தம். குவெஸ்ட் 2 பட்டையில இருக்கிற ஸ்பீக்கர்ல தாழ்ந்த உறுமல் கேக்காது, ஃபேன் சத்தம் முழுங்கிடும். பக்கவாட்டுல 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கு. சாதாரண வயர் இயர்போன் சொருகினாலே வேற கேம் மாதிரி இருக்கும். புளூடூத் வேணவே வேணாம். சாதாரணமா 100, 200 மில்லிசெகண்ட் தாமதம் வரும், பின்னால மிதிச்ச காலடி நீங்க திரும்பினப்புறம் கேக்கும். வால்யூமை, காலடிச் சத்தம் லேசாக் கேக்குற அளவுக்கு வச்சு நிறுத்துங்க. அலறலை அளவுகோலா வச்சா மெல்லிய சத்தம் எல்லாம் போயிடும். வீட்ல தனியா இருக்கீங்க, கேட்டைத் தட்டினாக் கேக்கணும்னா ஒரு காதுல மட்டும் மாட்டாதீங்க, திசை தெரியாமப் போயிடும். ரெண்டு காதுலயும் மாட்டி வால்யூமைக் குறைங்க.

கேம் வரிசைன்னு கேட்டா, நான் ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்ல ஆரம்பிக்கச் சொல்வேன். 2020ல வந்தது, முழு ஹாரர் இல்ல, துப்பாக்கியும் உண்டு. ஆனா விஆருக்குன்னே செஞ்சது. பிளிங்க் (கண் சிமிட்டுற நேரத்துல இடம் தாவுறது), ஷிஃப்ட் (சட்டுன்னு சறுக்கிப் போறது), தொடர் நடைன்னு நகர்ற முறையை மாத்தி மாத்தி எது உங்க வயித்துக்கு ஒத்துக்குதுன்னு கண்டுபிடிக்கலாம். அதுல ஜெஃப்னு ஒரு அத்தியாயம். கண்ணு தெரியாத, காது மட்டும் கேக்குற ஒரு ஜந்து. ரூம்ல இருக்கிற பொடி பறந்தா உங்களுக்கு இருமல் வரும். கையை வாய்ல வச்சுப் பொத்தணும், நிஜமாவே. ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டு இன்னொரு கையால மெதுவாக் கதவைத் திறக்கும்போது அலமாரி பாட்டில் ஒண்ணு முழங்கையில தட்டி உருளும். ஆயுதம் இல்லாத பயம்னா என்னன்னு அந்த ஒரு அத்தியாயம் காட்டிடும்.

அப்புறம் ரெயித்: தி ஒப்லிவியன் ஆஃப்டர்லைஃப். ஆயுதமே இல்ல, ஒரு பெரிய மாளிகை, ஒளிஞ்சு நடக்கிறதுதான். குவெஸ்ட் 2லயே கம்ப்யூட்டர் இல்லாம ஓடும், அதனால கட்டம் கட்டமாத் தெரியுற பிரச்சினையே வராது. நீங்க கேட்டதுக்கு நேரா வர்றது இதுதான். ட்ரெட்ஹால்ஸும் அப்படியே ஹெட்செட்ல ஓடும். ஒவ்வொரு தடவையும் நிலவறை மாறும், மனப்பாடம் பண்ண முடியாது. ஆனா ஸ்டிக் நடை அதிகம், மயக்கம் தெளியுற வரைக்கும் தள்ளி வைங்க.

நாலு பேர் சேர்ந்து ஆடணும்னா பாஸ்மோஃபோபியா. கம்ப்யூட்டர் வேணும். வேட்டை நேரத்துல நீங்க பேசுறது பேய்க்குக் கேக்கும், அதனால டேபிள் ஃபேன் நேரா ஹெட்செட் மைக்ல அடிக்காமக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க. நிழல் தரத்தைக் குறைக்காம 3060ல இதை விஆர்ல ஆரம்பிக்காதீங்க.

தொட வேண்டாம்னு ஒண்ணு: மானிட்டருக்குன்னு செஞ்ச ஹாரர் கேமுக்கு விஆர் மாட் (விஆர்ல ஓட வைக்க மத்தவங்க செஞ்ச மாற்றம்) போட்டு ஆடுறது. நல்லாச் செஞ்ச மாட் உண்டு, மறுக்கல. ஆனா கதைக் காட்சி வந்ததும் கேமராவை அது பிடுங்கும். உங்க வயித்துக்கு இப்ப அது ஆகாது.

வீட்ல சின்னப் பசங்க கேட்டாக் கொடுக்காதீங்க. மெட்டா கணக்குக்கே 10 வயசு வேணும், அதுவும் பெத்தவங்க கட்டுப்பாட்டுல. இந்த கேமுக எல்லாம் பெரியவங்களுக்கு. டிவியில காஸ்ட் பண்ணாக்கூட சத்தத்தைக் குறைச்சு வைங்க.

புதூர்_மேல்மாடி

எல்லாருக்கும் நன்றி. பீரோவுல ஆளுயரக் கண்ணாடிதான், மூடிட்டேன், கை நிலையா நிக்குது. லென்ஸ் இடைவெளி மூணாவது நிலைல இருந்துச்சு, என் அளவு 62. மூணு சந்தேகம். இன்ஃப்ராரெட் லைட்ல 940 நானோமீட்டர்னு ஒண்ணு சிவப்பே தெரியாதுன்னு சொல்றாங்க, அதை வாங்கலாமா? நடுவுல கரண்ட் போனா என்ன ஆகும்? கத்திரி வெயில்ல ரூமே கொதிக்குது, ஹெட்செட் தாங்குமா?

வெங்கலக்கடை_வயர்

850 நானோமீட்டரே வாங்குங்க. 940ல லைட் எரியுறதே கண்ணுக்குத் தெரியாது, ஆனா இந்தக் கேமராக்களுக்கும் அது சரியாத் தெரியாது. 850ல லேசா ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். பெரும்பாலும் 12 வோல்ட், அடாப்டர் கூட வருதான்னு கேட்டு வாங்குங்க. முகப்புல சின்னதா ஒரு லைட் சென்சார் இருக்கும். ரூம் இருட்டானாத்தான் எரியும். கடையில ட்யூப் லைட்டுக்குக் கீழ எரியலைன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க, சென்சாரை விரலால மூடிப் பாருங்க. எரியும்போது பக்கத்துல முகத்தை வச்சு உத்துப் பாக்க வேணாம்.

கரண்ட் போனா கம்ப்யூட்டர், ரவுட்டர், இன்ஃப்ராரெட் லைட் மூணும் ஒண்ணா அணையும். ஹெட்செட் மட்டும் பேட்டரியில உயிரோட இருக்கும். படம் நின்னுடும், டிராக்கிங்கும் போயிடும். பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டினா வெளிய காட்டுற பாஸ்த்ரூ வரும், செட்டிங்ல முன்னாடியே ஆன் பண்ணி வைங்க. ஆனா இருட்டு ரூம்ல அதுவும் கறுப்புதான். ஹெட்செட்டைக் கழட்டி, நின்ன இடத்துலயே உக்காந்துடுங்க. போன் கட்டில்ல ஒரே மூலையில எப்பவும் இருக்கட்டும். யூபிஎஸ் வாங்குறதா இருந்தா 600 விஏ பத்தாது, 3060 முழு வேகத்துல ஓடும்போது கத்திட்டு அணைஞ்சிடும். 1 கேவிஏ பாருங்க. ரவுட்டரை வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல சொருகுங்க. மாசாந்திரப் பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு முன்கூட்டியே அறிவிப்பாங்க, அன்னைக்குப் பகல்ல கம்ப்யூட்டர் கேம் வேணாம், ஹெட்செட்லயே ஓடுறதை ஆடுங்க. முழு சார்ஜ் போட்டா ரெண்டு மணி நேரம் ஆடலாம்.

உள்காது

வெயிலுக்கு: ஹெட்செட் சூடேறினால் முதலில் தானாக வேகத்தைக் குறைக்கும், பிரேம் விழும், உங்களுக்குத் தலை சுற்றும். எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மதியத்தை விட்டு, ராத்திரி எட்டுக்கு மேல் ஆடுங்கள். துணி ஃபோம் வியர்வையைக் குடிக்கும், சிலிகான் உறை போட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். சானிடைசர், ஸ்பிரிட் பட்டால் பூச்சு போய்விடும். ஏசி ரூமில் இருந்து எடுத்து மாட்டினால் லென்ஸ் பனிக்கும். ஐந்து நிமிடம் ஆன் செய்து வைத்து, சூடான பிறகு மாட்டுங்கள்.

திருநகர்_சந்துமுனை

வெயிலைப் பத்திப் பேசும்போது இதையும் கேட்டுக்கங்க. மேக்கு ஜன்னல் இருக்கிற ரூம்ல சாயங்காலம் விளையாண்டுட்டு ஹெட்செட்டை லென்ஸ் மேல பாக்க கட்டில்ல வைக்காதீக. லென்ஸு வெயிலைக் குவிச்சு உள்ள இருக்கிற ஸ்கிரீனைச் சுட்டுரும். மஞ்சப் புள்ளி விழுந்தா விழுந்ததுதான், துடைச்சாலும் போகாது, வாரண்டியிலயும் எடுக்க மாட்டாய்ங்க. செகண்ட் ஹேண்ட்ங்கிறதால இப்பவே வெள்ளை ஸ்கிரீனைத் திறந்து ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க, பழைய புள்ளி ஏதும் இருக்காண்டு. மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போறதுண்டா ராத்திரி மட்டும். ஆனா அங்கிட்டு சுவரும் இல்ல, வெளிச்சமும் இல்ல, டிராக்கிங் நிக்காது. கைப்பிடிச் சுவரு இடுப்பு உயரந்தான், பின்னாடி குதிக்கிற கேமுக்கு மாடி வேணவே வேணாம்.